மூன்றாவது பூ

மிஷினிலிருந்து இறங்கும்போது லேஸ் கறுப்பாகத்தான் இருக்கும். கடையில் வெள்ளை வெளேரென்று மடித்து வைத்ததைப் பார்த்தே பழகியவர்களிடம் இதைச் சொன்னால் நம்புவதில்லை. நாலாயிரம் பித்தளைப் பாபின்கள், ஒவ்வொன்றும் காசு போலத் தட்டை, நாலாயிரம் எஃகு வண்டிகளில் உட்கார்ந்துகொண்டு, நிற்கும் இழைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஆடுகிற மிஷின் அது. எண்ணெய் விட்டால் நூலில் கறை ஏறும், எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. அதனால் பென்சில் கரியைப் பொடியாக்கித் தூவுவார்கள். வண்டியும் வழுக்கி ஓடும், கரியும் பிறகு தண்ணீரில் போய்விடும். ஆக, முதலில் கரி, அப்புறம் மெண்டிங், அப்புறம் சலவை, எல்லாம் தாண்டித்தான் கல்யாணப் பெண்ணின் தோளுக்கு வரும்.

மில் குடியிருப்பில் யாரும் வெள்ளைத் துண்டு வாங்க மாட்டார்கள். வாங்கிய மறுநாளே அது சாம்பல் நிறத்தில் கொடியில் தொங்கும். ஆம்பளைகள் வேலை விட்டு வந்ததும் பின்வாசலில் நின்று கையைத் தேய்ப்பார்கள். நகக்கண்ணில் இருக்கிற கரி மட்டும் போகாது. அது செத்தால்தான் போகும் என்பார்கள். அதுவும் நிச்சயமில்லை.

அந்த வரிசையில் ஆறாவது வீட்டில் இருந்தவருக்கு நாலாம் நம்பர் என்று பெயர். அவர் ஓட்டுகிற மிஷினின் எண் அது. இருபத்தெட்டு வருஷமாக அதை ஓட்டி ஓட்டி, பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கலாம். கடைக்காரர் கூட "நாலாம் நம்பருக்கு ஒரு கட்டு சோப்பு" என்றுதான் எடுத்து வைப்பார். அவர் பெண்சாதி மெண்டிங் செக்‌ஷனில் வேலை. மிஷின் விட்ட ஓட்டைகளை ஊசியால் அடைக்கிற வேலை. அவள் அடைத்த இடத்தை அவளே அடுத்த நாள் தேடினால் கிடைக்காது, அத்தனை சுத்தம். அதனால் அவளை எல்லோரும் ஊசி என்றார்கள். ஒல்லியாக இருந்ததும் ஒரு காரணம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நாலாம் நம்பருக்குக் கண்ணில் புகை விழுந்தது. ஓரத்தில் இல்லை, நட்ட நடுவில். ஊசியின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் காதைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் முகம் ஓரத்தில் தெரியும். பஸ் ஏறிப் போய்க் காட்டிய டாக்டர், "விளிம்பு நிக்கும், நடு போயிடும். கண்ணாடி போட்டாலும் வராது, ஆபரேஷன் பண்ணாலும் வராது" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"யார் கிட்டயும் சொல்லாத."

"நான் எதுக்குச் சொல்றேன்."

"இழை அறுந்தா எனக்குக் காதுல கேக்கும். 'டிக்'குனு ஒரு சத்தம். இத்தன வருஷம் கேட்ட காது. அதுக்குக் கண்ணு எதுக்கு?"

நல்லவேளையாக அவர் எப்போதுமே யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசுகிற ஆள் இல்லை. கர்வம் பிடித்தவர் என்று பெயர் வாங்கியிருந்தார். இப்போது ஓரமாகத் திரும்பிப் பார்க்கிறார் என்றால், கர்வம் இன்னும் முற்றிவிட்டது என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் காது காதுதான். ஆறு மிஷின் ஓடுகிற கூடத்தில் ஒரு இழை அறுகிற சத்தத்தைப் பத்தில் ஏழு முறை பிடிப்பார். மீதி மூன்று முறை, அறுந்த இழை அறுந்தபடியே விரற்கடைக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். துணியில் அது நெடுக ஒரு ஓட்டையாக இறங்கும். அந்த ஓட்டை மெண்டிங் மேஜைக்கு வரும். எத்தனை ஓட்டை என்று ஒரு சீட்டில் எழுதித் துணியோடு கட்டி, மிஷின்காரரிடம் கையெழுத்து வாங்கி மேஸ்திரிக்குப் போக வேண்டும். சீட்டு தொடர்ந்து கெட்டால் மிஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். மிஷின் கையில் இருக்கும்வரைதான் வீட்டுச் சாவி கையில். வயது முடிந்து இறங்குகிறவருக்கு மில்லுக்குப் பின்னால் ஒரு அறை கொடுப்பார்கள், சாகும்வரை இருக்கலாம். நடுவில் இறக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை. கண் போனபோது நாலாம் நம்பருக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

அந்த இரண்டு வருஷத்தை ஊசி தன் ஊசியால் கடத்திவிடலாம் என்று நினைத்தாள்.

வீட்டுக்காரர் மிஷின் துணி பெண்டாட்டி மேஜைக்கு வரக் கூடாது என்று மில்லில் சட்டம் உண்டு. ஊசிக்கு ஆறாம் மிஷின் துணி. நாலாம் மிஷின் துணி பக்கத்து நாற்காலிக்காரிக்கு. அவளுக்கு ரேடியோ என்று பெயர், காரணம் சொல்ல வேண்டியதில்லை. காலை மணி அடித்ததும் ரேடியோ நாலாம் மிஷின் துணியை ஊசியின் மடிக்குத் தள்ளுவாள், ஊசி ஆறாம் மிஷின் துணியை அவள் மடிக்குத் தள்ளுவாள். சீட்டில் மட்டும் அவரவர் பெயர். ஊசி ஏழு ஓட்டை அடைத்துவிட்டு, "ஒண்ணுன்னு எழுதுக்கா" என்பாள். சில நாள், "இன்னைக்கு இல்லேன்னு எழுதிடுக்கா." ரேடியோ எழுதுவாள். இப்படியே ஒன்றரை வருஷம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்.

இதில் ஊசி நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. கையெழுத்துப் போடும்போது நாலாம் நம்பர் சீட்டை வாசித்துக் காட்டச் சொல்வார். மேஸ்திரி வாசிப்பார்: "ஓட்டை இல்லை அண்ணே." வாரத்துக்கு வாரம் அதைக் கேட்கக் கேட்க அவருக்கு முதுகு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்து கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொல்வார்.

"அஞ்சாம் நம்பர் எளவட்டப் பையன். ரெண்டு கண்ணும் கழுகுக் கண்ணு. அவனுக்கு இந்த வாரம் ஒம்பது ஓட்டை. எனக்கு?"

"எவ்வளவு?" என்பாள், தெரியாதவள் மாதிரி.

"ஒண்ணு. அதுவும் நூல் கோளாறுன்னு மேஸ்திரியே சொல்லிட்டாரு."

ஊசி அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் எதைச் சொல்வது.

அந்தக் கோடையில் வறட்டுக் காற்று அடித்தது. லேஸ் மில்லுக்கு மழை பிடிக்கும், வறட்டுக் காற்று ஆகாது. காற்று காய்ந்தால் பருத்தி இழை மொடமொடத்துப் பட்பட்டென்று அறும். கூடத்தில் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, தரையில் மணிக்கொரு தரம் தண்ணீர் தெளித்தார்கள். உள்ளே கரியும் ஆவியும் சேர்ந்து, மூச்சு விட்டால் தொண்டையில் பென்சிலைச் சீவின மாதிரி இருந்தது. மெண்டிங் செக்‌ஷனில் துணி மலையாகக் குவிந்தது. பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு கறுப்பு மேஜை, தலைக்கு மேல் ஆளுக்கொரு விளக்கு. கறுப்புத் துணியில் கறுப்பு ஓட்டையைத் தேட வேண்டும். கண்ணால் பாதி, விரலால் பாதி.

"அந்தக் காலத்துல பொம்பளைங்க இதையெல்லாம் கையாலயே பின்னிக்கிட்டு இருந்தாங்களாம்டி," என்றாள் ரேடியோ. "ஒரு தலகாணி. அதுல குண்டூசி. நூல் சுத்துன குச்சி நூறு, இருநூறு. ஒண்ணு மேல ஒண்ணு மாத்திப் போட்டு மாத்திப் போட்டு, ஒரு சாண் இறங்க ஒரு மாசம்."

"யாருக்கா சொன்னா?"

"எங்க மாமியார். அவங்களுக்கு அவங்க மாமியார். அப்புறம் எவனோ ஒருத்தன் ஜன்னலோரமா நின்னு அந்தப் பொம்பளைங்க விரலையே பாத்துக்கிட்டு இருந்தானாம். சோறு தண்ணி இல்லாம பாத்தானாம். போய் அத்தன விரலையும் இரும்புல வாத்துட்டான். அதான் மிஷின். பொம்பளைங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"அப்புறம் நாம எப்படி வந்தோம்?"

"அவன் வாத்த விரல் ஓட்டை விட்டுச்சே! அடைக்க யார் வேணும்? மறுபடி கூப்பிட்டான்." ரேடியோ சிரித்தாள். "ஆம்பளை மிஷின் கண்டுபிடிச்சதுல நமக்கு ஒரே ஒரு லாபம். முன்னாடி நாம பூவைப் பின்னுனோம். இப்ப அவங்க விட்ட பூவைப் பின்றோம்."

ஊசியும் சிரித்தாள். அன்று அவள் மடியில் பதினொரு ஓட்டை இருந்தது.

அப்போதுதான் புது ஆர்டர் வந்தது. கல்யாண முக்காட்டுக்கான லேஸ். முதல் துண்டு பன்னிரண்டு மீட்டர் ஓட்டி, வெளுத்து, வாங்குகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்றால் வருஷம் முழுக்க வேலை. சீட்டு சுத்தமாக இருக்கிற மிஷினுக்குத்தான் இந்த மாதிரி ஆர்டர் போகும். நாலாம் மிஷினுக்கு வந்தது.

புது டிசைன் என்றால் மிஷினை முதலிலிருந்து கோக்க வேண்டும். எஃகுப் பட்டைகளில் வரிசை வரிசையாகச் சின்னக் கண்கள். எந்த இழை எந்தக் கண் வழியாக என்று டிசைன்காரர் எண் போட்டுத் தாள் கொடுப்பார். ஒருவர் எண்ணை வாசிக்க, மிஷின்காரர் கோப்பார். ஒரு இழை தப்பான கண்ணில் போனால் அந்தத் தப்பு பூவுக்குப் பூ, கடைசி வரை திரும்பத் திரும்ப வரும். அஞ்சாம் நம்பர் வாசித்தான், நாலாம் நம்பர் கோத்தார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, விரல் நுனியால் பட்டையைத் தடவித் தடவி, ஒன்பது நாள். ராத்திரி கை நடுங்கி, தட்டில் ரொட்டியைப் பிய்க்க முடியவில்லை. ஊசிதான் பிய்த்துப் போட்டாள்.

"தப்பில்லாம கோத்திருக்கேன்," என்றார். "சத்தியமாச் சொல்றேன். ஒரு இழை தப்பிருந்தா என் விரலை வெட்டிக்கிறேன்."

"விரலை வெட்டிக்கிட்டா ரொட்டியை வாயாலதான் பிய்க்கணும். சாப்பிடுங்க."

பன்னிரண்டு மீட்டரும் ஒரே வாரத்தில் இறங்கி மெண்டிங்குக்கு வந்தது. ரேடியோ சுருட்டை ஊசி பக்கம் தள்ளினாள். வழக்கமாக மேஜை ஓரத்தில் சரியான டிசைனின் மாதிரித் துண்டு ஒன்று குத்தியிருக்கும், அதைப் பார்த்துத்தான் அடைப்பார்கள். இதற்கு மாதிரி கிடையாது. இதுதான் மாதிரி. படம் டிசைன் ரூமில் இருந்தது. சந்தேகம் இருந்தால் மேஸ்திரியைக் கேட்க வேண்டும்.

துணியை விரித்து ஒரு முழம் போகவில்லை, ஊசியின் விரல் நின்றது.

பூ, ஐந்து இதழ். அடுத்த பூ, ஐந்து இதழ். மூன்றாவது பூவில் நாலு. ஐந்தாவது இதழ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வலைதான் இருந்தது. இழை அறுந்த ஓட்டையாக இருந்தால் பிசிர் இருக்கும், இதில் பிசிர் இல்லை. அவள் துணியை இழுத்தாள். ஐந்து, ஐந்து, நாலு. ஐந்து, ஐந்து, நாலு. கடைசி வரை அப்படியே.

தப்பான கண்ணில் ஒரு இழை. வேறென்ன. ஒன்பது நாள் தடவித் தடவிக் கோத்ததில் எங்கேயோ ஒரு கண் மாறிவிட்டது.

சட்டப்படி உடனே எழுந்து போய் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் இழை கோத்த கோப்பைச் சரி பார்க்க ஆள் வருவார்கள், அவரை நிற்க வைத்து, "எந்த இழை அண்ணே, காட்டுங்க" என்பார்கள். அவர் காட்ட முடியாமல் நிற்பார். அந்தக் காட்சியை நினைத்ததும் ஊசி எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கை தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். ஊசி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நேராகக் கேட்க முடியாது. தப்பு இருக்கிறதென்றால் எப்படித் தெரியும் என்பார். துணி உன் மேஜைக்கு எப்படி வந்தது என்பார். அப்புறம் அந்தச் சீட்டுகள் எல்லாம் வெளியே வரும்.

"முதல் துண்டு இறங்கிடுச்சாமே. ரேடியோக்கா சொன்னாங்க."

"ம்."

"நல்லா வந்திருக்குதாமா?"

"வராம? கோத்தது யாரு?"

"என்ன பூவுங்க அது?"

"பூதான். கல்யாணப் பூ."

அவள் கத்தியை நிறுத்தினாள். "எத்தன இதழு?"

அவர் அவள் காதைப் பார்த்தார். ஒரு கணம் பேசாமல் இருந்தார். அந்த ஒரு கணத்தை ஊசி பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள். அப்போது அவள் அதைக் கவனிக்கவில்லை, வெங்காயம் கண்ணைக் கரித்துக்கொண்டிருந்தது.

"அஞ்சு," என்றார். "பூவுன்னா அஞ்சுதான். இது என்ன கேள்வி?"

"எல்லாப் பூவுக்குமா?"

"ஒரே லேஸுல பூவுக்குப் பூ மாத்துவானா எவனாவது? ஓட்டுறவன் நானு, எனக்குத் தெரியாதா?"

ஊசிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மறுநாள் காலையிலிருந்து அடைக்க ஆரம்பித்தாள். இல்லாத இதழை ஒன்றுமில்லாத வலையில் எழுப்புவது ஓட்டை அடைப்பது போல இல்லை. பக்கத்துப் பூவின் இதழில் இழை எப்படிப் போகிறது என்று எண்ணி, அதே மாதிரி இங்கே ஊசியால் ஓட்ட வேண்டும். ஓரம் தடித்த இழை, நடுவில் நெருக்கம், நுனியில் மூன்று சுற்று. ஒரு இதழுக்குக் கால் மணி நேரம். அப்படி மூன்றாவதாக வருகிற பூக்கள் மட்டும் நாற்பது.

"அடியே, இது வேணாம்டி," என்றாள் ரேடியோ, இரண்டாவது நாள். "ஓட்டை அடைச்சே, சரி. இது கோப்பு தப்பு. இன்னைக்கு இந்தத் துண்டை அடைப்பே. நாளைக்கு நூறு மீட்டர் இறங்குமே, அதையும் அடைப்பியா?"

"இது மட்டும் போயிடட்டும்க்கா. அப்புறம் பக்குவமா அவரு கிட்டயே சொல்லி, அந்த ஒரு இழையை மாத்திடச் சொல்லிடுவேன்."

"எப்படிச் சொல்லுவே?"

"எப்படியாவது."

"கெட்டிக்காரி புளுகு எட்டு நாளுடி."

"ஒன்றரை வருஷம் ஓடியிருக்குக்கா."

ரேடியோ பேனாவைத் திறந்தாள். சீட்டில் 'ஓட்டை இல்லை' என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், டிசைன்காரர் மெண்டிங் செக்‌ஷனுக்கு வந்தார். மெலிந்த ஆள், சத்தம் போட்டுப் பேசாதவர். சலவைக்குப் போவதற்கு முன் தன் முதல் துண்டை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆசையாக வந்தவர். மேஸ்திரியும் கூட வந்தார். அடைத்து முடிந்து ரேடியோவின் மேஜைக்குத் திரும்பியிருந்த சுருட்டை விரித்தார்கள். டிசைன்காரர் குனிந்து பார்த்தார். விரலால் ஒரு பூவைத் தொட்டார், அடுத்த பூ, அடுத்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"உதிர்ந்த இதழ் எங்க?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"மூணாவது பூவுல ஒரு இதழ் உதிர்ந்திருக்கணும். இதோ, கீழ ஓரத்துல, இலைக்கு நடுவுல கிடக்குது பாருங்க, இதுதான் அந்த இதழ். இது கிடக்குது. மேல எப்படி அஞ்சு இருக்கு?"

ஊசி எட்டிப் பார்த்தாள். ஓரத்து இலைகளுக்கு நடுவே, கொஞ்சம் சாய்ந்து, ஒரு இதழ் கிடந்தது. அவள் அதை இலை என்று நினைத்திருந்தாள். கரி மூடிய துணியில் எல்லாம் இலைதான்.

"ஆர்டர் குடுத்தவங்க கேட்டதே அதுதான்," என்றார் டிசைன்காரர். "கீழ விழுந்த இதழ்தான் டிசைனே."

மேஸ்திரி ரேடியோவைப் பார்த்தார். "உங்க சீட்டு. நீங்க அடைச்சீங்களா?"

பிறந்தது முதல் வாய் ஓயாத ரேடியோ, அன்று வாயைத் திறக்கவில்லை. கண்ணை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் காட்டிக்கொடுக்காமல் தன்னையும் காப்பாற்றிக்கொள்ள வழியே இல்லை என்பது ஊசிக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்றாள்.

"நான்தாங்க அடைச்சேன்."

"நாலாம் மிஷின் துணி உங்க கிட்ட எப்படிம்மா வந்துச்சு?"

அதற்குப் பிறகு எல்லாம் தானாக அவிழ்ந்தது. மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஆனால் வேலை தெரிந்தவர். கிடங்கிலிருந்து நாலாம் மிஷினின் பழைய துண்டுகள் மூன்றை எடுத்துவரச் சொன்னார். 'ஓட்டை இல்லை' என்று சீட்டுக் கட்டியவை. பின்பக்கம் திருப்பி விளக்கடியில் போட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முன்பக்கம் தெரியாத தையல் பின்பக்கம் முடிச்சில் தெரியும். பதினாலு, ஒன்பது, பதினேழு என்று எண்ணினார். எண்ணி முடித்ததும் நாலாம் நம்பரைக் கூட்டி வரச் சொல்லி அனுப்பினார்.

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். பாராட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார் போல, முகம் மலர்ந்திருந்தது. டிசைன்காரர்தான் முதலில் பேசினார். அவர் நல்ல மனதோடுதான் பேசினார்.

"கோப்பை இப்பதான் தாளை வச்சுச் சரி பாத்துட்டு வந்தேன். ஒரு இழை தப்பில்ல. நாலாயிரத்துல ஒண்ணு கூட. முதல் தடவையிலயே இப்படிக் கோத்து நான் பாத்ததில்லை."

ஊசி மேஜை மேல் விரித்திருந்த துண்டைப் பார்த்தாள். ஒரு இழை தப்பில்லை. ஒன்றரை வருஷத்தில் அந்த மனுஷன் அப்பழுக்கில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான். அதைத்தான் அவள் நாற்பது இடத்தில் அடைத்திருந்தாள்.

"அப்ப என்ன பிரச்சினை?" என்றார் நாலாம் நம்பர்.

மேஸ்திரி துணியை அவர் முன்னால் தள்ளினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, இதுல உதிர்ந்த இதழ் எங்க இருக்குன்னு காட்டுங்க."

நாலாம் நம்பர் தலையை ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். கையை நீட்டித் துணியின் மேல் வைத்தார். கை அங்கேயே நின்றது. மற்றப் பெண்கள் எல்லோரும் அவரவர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கூட நிமிரவில்லை, அந்த மரியாதையையாவது செய்தார்கள்.

"உதிர்ந்த இதழா," என்றார் கடைசியில். "அப்படி ஒண்ணு இருக்கா?"

பழைய துண்டுகளில் எண்ணிய தையல்களை மேஸ்திரி அவருக்குச் சொன்னார். குடியிருப்பு வரை அவர் முன்னால் நடந்தார், ஊசி பின்னால் நடந்தாள். கதவைச் சாத்தியதும் கேட்டார்.

"எத்தன நாளா?"

"கண்ணு போனதுலேருந்து."

"எல்லாச் சீட்டுமா?"

"எல்லாமும்தான்."

"அந்த ஒண்ணு, ரெண்டு, இல்லை, எல்லாம் நீ எழுதச் சொன்னதா?"

"ஆமாங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "நான் அந்தச் சீட்டை நம்பித்தாண்டி மிஷின்ல கை வச்சேன். கண்ணு இல்லாட்டியும் என்னால ஓட்ட முடியுதுன்னு நெனச்சேன். ஓட்டை விழுதுன்னு தெரிஞ்சிருந்தா நானே போய்ச் சொல்லியிருப்பேன். லேசான வேலை ஏதாவது குடுங்கன்னு கேட்டிருப்பேன். அப்பக் குடுத்திருப்பாங்க. பொய்ச் சீட்டுக்கு அப்புறம் யார் குடுப்பா?"

"சொல்லியிருப்பீங்களா?" என்றாள் ஊசி. அவளுக்கும் ஆத்திரம் வந்தது. "எத்தன இதழுன்னு கேட்டேன் இல்ல? தெரியாதுன்னு சொன்னீங்களா? அஞ்சுன்னீங்க. ஓட்டுறவன் நானுன்னீங்க."

அவர் நகக்கண்ணின் கரியைத் தேய்த்தார்.

"நான் ஓட்டுற பூ எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுன்னு, உன் கிட்ட எப்படிச் சொல்றது?"

அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. காலையில் மிஞ்சின ரொட்டியை இரண்டு பேரும் தனித்தனியாகத் தின்றார்கள்.

தீர்ப்பு இரண்டு நாளில் வந்தது. நாலாம் நம்பர் மிஷினிலிருந்து இறங்க வேண்டும். மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மில்லுக்குப் பின்னால் இருக்கிற அறையும் கிடையாது. ரேடியோவை அந்த மேஜையிலிருந்து நூல் சுற்றுகிற இடத்துக்கு மாற்றினார்கள். ஊசியை மட்டும் இடம் மாற்றவில்லை. அவள் கை போல ஒரு கை அவர்களுக்குக் கிடைக்காது. முதல் வேலையாக, அவள் அடைத்த நாற்பது இதழையும் அவளே பிரித்து எடுக்க வேண்டும். புதுத் துண்டு ஓட்டி எடுக்க நாள் இல்லை. அவள் தவிர யார் பிரித்தாலும் வலை அறுந்துவிடும்.

பிரிப்பது அடைப்பதைவிடக் கடினம். தான் போட்ட முடிச்சு தனக்கே தெரியாதபடி போட்டுப் பழகியவள். பின்பக்கம் விரலால் தேடி, ஊசி முனையால் நெம்பி, இழையை ஒவ்வொன்றாக உருவினாள். காலடியில் நூல் துணுக்குகள் கறுப்பு மயிர் போலச் சேர்ந்தன. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ரேடியோ இல்லாத கூடம் மிஷின் நின்றுபோன கூடம் மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் வந்தார். கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்தவர், மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டு மெண்டிங் செக்‌ஷனுக்குள் வந்தார். சுவரைத் தடவிக்கொண்டே வந்து ரேடியோவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் கரி இல்லை. நகக்கண்ணில் மட்டும் இருந்தது. கூடத்திலிருந்து மிஷின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஆறு மிஷினும் ஓடின. நாலாவதில் அஞ்சாம் நம்பரின் தம்பி நின்றான். யாரோ "ஏ நாலாம் நம்பர், கரி எடுத்துட்டு வா" என்று உள்ளே கூப்பிட்டார்கள். இவர் தலை தன்னால் நிமிர்ந்தது. பிறகு குனிந்துகொண்டார்.

"எத்தன பிரிச்சே?"

"முப்பத்தெட்டு. ரெண்டு பாக்கி."

"குடு, பாக்கட்டும்."

அவள் பிரித்து முடித்த பக்கத்தை அவர் கைக்கு நகர்த்தினாள். விரல் நுனியால் தடவினார். பூ, பூ, மூன்றாவது பூ. காலியான இடத்தில் விரலை நிறுத்தினார்.

"இதுவா அந்த இடம்?"

"அதுதாங்க."

"அந்த இதழ் எங்க கிடக்குது?"

அவள் அவர் விரலைப் பிடித்துக் கீழே இறக்கி, ஓரத்து இலைகளுக்கு நடுவே வைத்தாள். அவர் அதன் ஓரத்தைச் சுற்றி ஒரு முறை போய் வந்தார்.

"சாஞ்சு கிடக்குது," என்றார். "நல்லாத்தான் போட்டிருக்கான்."

அப்படியே துணியின் ஓரமாகத் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பி வந்து அதே இடத்தைத் தடவினார். சின்னப் பிசிர் ஒன்று நகத்தில் தட்டியது.

"இது?"

ஊசி பார்த்தாள். இதழ்களை அடைக்கிற அவசரத்தில் அவளே கவனிக்காமல் விட்டது. அறுந்த இழை, விரற்கடை நீளம் ஓடியிருந்தது. வறட்டுக் காற்றடித்த நாளில் அவர் காதுக்குத் தப்பின 'டிக்'.

'அதுவும் டிசைன்தாங்க' என்று வாய் வரை வந்துவிட்டது. ஒன்றரை வருஷப் பழக்கம். அவர் அவள் காதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஓட்டைங்க," என்றாள். "உங்களோடது."

"எவ்வளவு?"

"ஒரு விரக்கடை."

அவர் தலையாட்டினார். "சீட்டு எடு. எழுது."

"இனிமே யாருங்க அதைப் பாக்கப் போறா? ஒரு நிமிஷத்துல அடைச்சுடுறேன்."

"அடை. ஆனா எழுதிட்டு அடை."

அவள் புதுச் சீட்டு ஒன்றை எடுத்தாள். 'மிஷின்: நாலு' என்று எழுதினாள். 'ஓட்டை: ஒன்று' என்று எழுதினாள். மெண்டிங் செய்தவர் என்ற இடத்தில், நாலாம் மிஷின் சீட்டில் முதல் முறையாக, தன் பெயரை எழுதினாள். பேனாவை அவர் கையில் கொடுத்து, விரலைக் கையெழுத்துக் கோட்டின் மேல் வைத்தாள்.

"வாசி," என்றார்.

வாசித்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போய்விட்டது. ஊசி சீட்டைத் துணியோடு கட்டிவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க நூல் கோத்தாள். அவர் கிளம்பவில்லை, அவள் அடைத்து முடிக்கும்வரை துணியின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.